கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது: உறுப்பு தானமும் உடல் தானமும்

உறுப்பு தானத்துக்கு எழுதிக் கொடுத்த ஒருவர் பிற்பாடு மனம் மாறினால் என்ன செய்வது? பதிவு அட்டையைக் கிழித்துப் போட்டால் போதுமா, வக்கீலைப் பார்க்க வேண்டுமா, காரணம் சொல்ல வேண்டுமா, அபராதம் ஏதும் கட்ட நேருமா? தானத்துக்கு அழைக்கும் சுவரொட்டிகளும் முகாம்களும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பேசினால் கொடுக்க வருகிறவர்களும் பின்வாங்கிவிடுவார்கள் என்ற பயம் போலும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. விலகிக்கொள்ள வழி உண்டு என்று தெரிந்தால்தான் தயங்குகிற பலர் பதிவு செய்யவே முன்வருவார்கள். நான் தானத்தின் பக்கம் நிற்பவன். இந்தக் கட்டுரை யாரையும் அதிலிருந்து கலைப்பதற்காக எழுதப்பட்டதல்ல.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்த பின் உறுப்புகளைத் தருவதாகவோ உடலைத் தருவதாகவோ இந்தியாவில் நாம் எழுதிக் கொடுப்பது ஒப்பந்தம் அல்ல. அதற்காக யாரும் நமக்குப் பணம் தரவில்லை. தந்திருந்தால் அதுவே குற்றம். ஆகவே எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், காசு செலவில்லாமல் விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக நம் வாரிசுகளை எந்த மருத்துவமனையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. நாளை நமக்கே ஒரு சிறுநீரகம் தேவைப்பட்டால், விலகியவர் என்று சொல்லி வரிசையில் பின்னால் தள்ளும் விதியும் இங்கே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் விலகிய செய்தி, நாம் பேச முடியாத ஒரு நேரத்தில், நம் உடலுக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டமும் அவரைத்தான் பார்க்கிறது.

எதற்கு ஒப்புதல் கொடுத்தீர்கள்?

தானம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. உயிரோடு இருக்கும்போதே ஒரு சிறுநீரகத்தையோ ஈரலின் ஒரு பகுதியையோ உறவினருக்குக் கொடுப்பது முதலாவது. இறந்த பிறகு உறுப்புகளையும் திசுக்களையும் கொடுப்பது இரண்டாவது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து, அதாவது மூளையின் இயக்கம் மீளாதபடி நின்றுபோனவரிடமிருந்து, இதயம், நுரையீரல், ஈரல், சிறுநீரகங்கள் ஆகியவற்றை எடுக்கலாம். வீட்டில் சாதாரணமாக இறந்தவரிடமிருந்தும் கருவிழியை எடுக்க முடியும், ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இந்த இரண்டு ஏற்பாடுகளும் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2011இல் அதைத் திருத்தித் திசுக்களையும் பெயரிலேயே சேர்த்தார்கள். 2014இல் புதிய விதிகள் வந்தன.

மூன்றாவது உடல் தானம். முழு உடலும் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போகிறது, மாணவர்கள் அதைப் பகுத்துப் படிக்கிறார்கள். இதற்கு அந்தந்த மாநிலத்தின் உடற்கூறியல் சட்டம் பொருந்தும். தமிழ்நாட்டுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் கல்லூரிப் பருவத்தில் முகாமில் கண் தான அட்டை வாங்கியிருப்பார், பிறகு இணையத்தில் உறுப்பு தானம் பதிந்திருப்பார், ஓய்வு பெற்ற பின் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியில் உடல் தானத்துக்கும் எழுதிக் கொடுத்திருப்பார். இவை மூன்று தனித்தனிப் பதிவுகள். ஒன்றை ரத்து செய்தால் மற்ற இரண்டும் தாமாகப் போய்விடாது. ஒரு பதிவேடு இன்னொன்றோடு பேசுவதும் இல்லை.

சட்டத்தின் வாசகம்

இறந்த பின் உறுப்பு தானம் பற்றி 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்வதைச் சாதாரணத் தமிழில் இப்படி எழுதலாம். ஒருவர் தம் வாழ்நாளில், குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க, எழுத்து மூலமாக ஐயத்துக்கு இடமின்றி அனுமதி கொடுத்திருந்தால், அவர் இறந்ததும் உடலைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்திருப்பவர், உறுப்பை எடுக்க மருத்துவருக்கு வேண்டிய வசதி செய்து தர வேண்டும். இங்கே ஒரு விலக்கு வருகிறது. இறந்தவர் அந்த அனுமதியைப் பிறகு ரத்து செய்துவிட்டார் என்று நம்புவதற்கு ஏதேனும் காரணம் இருந்தால், வசதி செய்து தர வேண்டியதில்லை.

கொடுப்பதற்கு எழுத்து வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் உறவாக இருக்க வேண்டும். ரத்து செய்வதற்கோ அந்தப் பிரிவு எந்தப் படிவத்தையும் கேட்கவில்லை, சாட்சியையும் கேட்கவில்லை, எந்த அலுவலகத்தையும் குறிப்பிடவில்லை. உடலைப் பொறுப்பில் வைத்திருப்பவர் நம்புவதற்குக் காரணம் இருந்தால் போதும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகளிடம் தெளிவாகச் சொன்னது ஒரு காரணமாகலாம். நாட்குறிப்பில் தேதி போட்டு எழுதியது காரணமாகலாம். வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பிய குரல் பதிவும் காரணமாகலாம்.

2014ஆம் ஆண்டு விதிகளில் உறுதிமொழிக்கென்று 7ஆம் எண் படிவம் இருக்கிறது. அதன் அடிக்குறிப்புகளைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. உறுப்பு தானம் குடும்பம் எடுக்கும் முடிவு, ஆகவே வீட்டாரிடம் பேசிவிடுங்கள் என்கிறது ஒரு குறிப்பு. உறுதிமொழி கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது. அந்தப் படிவம் ஒவ்வொரு உறுப்பையும் திசுவையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்வதால், ஒரு பகுதியை மட்டும் விலக்கிக்கொள்வதிலும் தடையில்லை. சிறுநீரகம் போகட்டும், கண் மட்டும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் எல்லாவற்றையும் ரத்து செய்ய வேண்டியதில்லை.

இவ்வளவு எளிதாக வைத்திருப்பதில் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. வாய்ச்சொல்லை ஒரு பிள்ளை கேட்டிருப்பான், இன்னொரு பிள்ளை கேட்டிருக்க மாட்டான். அப்பா கடைசி வரை தானத்தில் உறுதியாக இருந்தார் என்று ஒருவன் சொல்வான். போன பொங்கலுக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று மற்றவன் சொல்வான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருவரும் நின்று வாதாடினால் மருத்துவமனை என்ன செய்யும்? பெரும்பாலும் கைகட்டிக்கொண்டு விலகிவிடும். சட்டம் எழுத்தைக் கேட்கவில்லை என்றாலும் எழுதி வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விலகுவது வேறு, மறுப்பது வேறு

இனி வருவதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. உறுதிமொழியை ரத்து செய்துவிட்டால் தம் உடலிலிருந்து எதையும் எடுக்க மாட்டார்கள் என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

அதே 3ஆம் பிரிவின் அடுத்த பகுதி, உறுதிமொழியே கொடுக்காமல் இறந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. இறந்தவர் அனுமதியும் தரவில்லை, ஆட்சேபணையும் தெரிவிக்கவில்லை என்றால், உடலைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவர் உறுப்புகளை எடுக்க அனுமதி தரலாம். நெருங்கிய உறவினர் எவருக்கும் மறுப்பு இருப்பதாக அவர் நம்பக் காரணம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் நடக்கும் தானங்களில் பெரும்பங்கு இந்த வழியில் வருவதுதான். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்களே, அதுவும் பெற்றோர் எடுத்த முடிவுதான். பதினைந்து வயதுப் பையன் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது.

இதை விலகுகிறவரின் இடத்திலிருந்து பாருங்கள். உறுதிமொழியைத் திரும்பப் பெற்றதும், ஒருபோதும் உறுதிமொழி கொடுக்காதவரின் நிலைக்கு வந்து சேர்கிறீர்கள். அந்த நிலையில் முடிவு குடும்பத்தின் கைக்குப் போகிறது. உங்கள் மனைவியும் பிள்ளைகளும் தானத்துக்குச் சம்மதித்தால் அது நடக்கலாம். சிலர் அதைத்தான் விரும்புகிறார்கள். 'நான் முன்கூட்டிச் சொல்லி வீட்டாரைக் கட்டாயப்படுத்த விரும்பவில்லை, அந்த நேரத்தில் அவர்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யட்டும்' என்பவர்களுக்கு வெறும் ரத்து போதும்.

என் உடலைத் தொடவே கூடாது என்பவர்களுக்கு அது போதாது. அவர்கள் ஆட்சேபணையை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால், குடும்பம் தானாக அனுமதி தரும் அந்த வழி சட்டப்படி அடைபடுகிறது. கடிதத்தில் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதினால் தீர்கிற வேலைதான் இது; அந்த வாக்கியத்தை விட்டுவிட்டுப் பிறகு எத்தனை கையெழுத்து வாங்கினாலும் பயன் குறைவு.

கடிதம்

முதலில் எங்கே பதிவு செய்தோம் என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். டெல்லியில் இயங்கும் தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பான நோட்டோவின் இணையதளத்தில் பதிந்திருந்தால், அங்கேயே உள்நுழைந்து உறுதிமொழியை ரத்து செய்யும் வசதி இருக்கிறது. தொலைபேசியிலோ கடிதத்திலோ தெரிவித்தாலும் ஏற்கிறார்கள். 2023 முதல் அங்கே ஆதாரோடு இணைத்துப் பதியும் முறை வந்திருப்பதால் பழைய கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டவர்கள் சற்று அலைய நேரிடலாம். தமிழ்நாட்டின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான், தனியார் மருத்துவமனை, தொண்டு நிறுவனம், கண் வங்கி என்று எங்கே படிவம் கொடுத்தோமோ அங்கே எழுத வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது உறுப்பு தானம் செய்ய விருப்பமா என்ற கட்டத்தில் குறி போட்டதையும் மறந்திருப்போம். அந்தக் குறி இரண்டு சாட்சிகளோடு கொடுத்த அனுமதிக்கு ஈடாகாது என்பது என் கருத்து. ஆனாலும் சாலை விபத்தில் சட்டைப்பையிலிருந்து முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது அந்த அட்டைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

கடிதம் நான்கு வரி இருந்தால் போதும்:

'நான், (பெயர், வயது, முகவரி), (தேதி) அன்று தங்கள் நிறுவனத்தில் (பதிவு எண்) கொடுத்த உறுப்பு தான உறுதிமொழியை இன்று முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். என் இறப்புக்குப் பின் என் உடலிலிருந்து எந்த உறுப்பையும் திசுவையும் எடுப்பதற்கு எனக்கு ஆட்சேபணை உண்டு. என் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, நீக்கிய விவரத்தை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

முடிவைக் குடும்பத்திடம் விடுகிறவர்கள் நடுவில் இருக்கும் வாக்கியத்துக்குப் பதிலாக, 'இது பற்றிய முடிவை என் குடும்பத்தாரிடம் விடுகிறேன்' என்று எழுதலாம். காரணத்தை எழுத வேண்டாம். எழுதினால் அந்தப் பக்கத்திலிருந்து பரிவோடு ஒரு பதில் வரும், பிறகு விவாதம் தொடங்கும். கீழே தேதியும் கையெழுத்தும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும், உறுதிமொழியில் சாட்சியாகக் கையெழுத்திட்ட அதே உறவினர் இதிலும் கையெழுத்திட்டால் பிற்பாடு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நோட்டரி முத்திரை தேவையில்லை. போட்டால் கெடுதலும் இல்லை. நேரில் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பணப்பையில் இருக்கும் பழைய அட்டையை அன்றே அப்புறப்படுத்துங்கள்.

எழுதி முடித்ததும் அந்த நகலைப் பீரோவில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. அதைவிட மோசம், உயிலில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பது. நம் ஊரில் உயிலை எப்போது பிரிக்கிறார்கள்? பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த உறவெல்லாம் ஊருக்குப் போன பிறகு. அதற்குள் கண்ணும் போயிருக்கும், உடலும் போயிருக்கும். நகல் இருக்க வேண்டிய இடம் வாழ்க்கைத் துணையின் கைப்பேசி, பிள்ளைகளின் கைப்பேசி, குடும்ப மருத்துவரின் கோப்பு.

சொல்வதில் கூச்சம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் உறுப்பு தானத்துக்கு இருக்கும் மதிப்பு பெரிது. தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்த பிறகு அது இன்னும் கூடியிருக்கிறது. ஊர் கைதட்டிய மேடையில் பதிவு செய்த ஒருவர், அதை ரத்து செய்தேன் என்று மருமகனிடம் சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் பாதி, தவறான பயத்திலிருந்து பிறக்கிறது. 'பதிவு இருப்பது தெரிந்தால் டாக்டர்கள் சரியாகக் காப்பாற்ற மாட்டார்கள்' என்று காதில் விழுந்ததால் விலக நினைப்பவர்கள் கடிதம் எழுதும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூளைச்சாவை ஒரே மருத்துவர் அறிவித்துவிட முடியாது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அறிவிக்க முடியும். இதைக் கேட்ட பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் தாராளமாக விலகலாம்.

குடும்பம் கையெழுத்திட்ட பிறகு

நடைமுறையில் ஒருவர் உறுதிமொழி கொடுத்திருந்தாலும், இந்திய மருத்துவமனைகள் குடும்பத்தாரைக் கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. மூளைச்சாவு உறுதியானதும் மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வந்து பேசுவார். சம்மதம் என்றால் நெருங்கிய உறவினர் 8ஆம் எண் படிவத்தில் கையெழுத்திடுவார். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் நெருங்கிய உறவினர்கள். 2011 திருத்தம் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது.

கையெழுத்திட்ட மனைவி இரண்டு மணி நேரம் கழித்து, மாமியார் அழுவதைப் பார்த்து மனம் மாறினால்? அறுவை அரங்குக்குப் போகும் முன் சொல்லிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். நெருங்கிய உறவினர் ஒருவருக்கு மறுப்பு இருப்பது தெரிந்துவிட்ட பிறகு அனுமதியின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. மீறி எடுப்பது மருத்துவமனைக்கு ஆபத்து. அதிகாரமின்றி உறுப்பை எடுப்பதற்குப் பத்து ஆண்டு வரை சிறையும் இருபது லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் உறுப்பு எடுக்கப்பட்டு இன்னொருவர் உடலில் பொருத்தப்பட்ட பின் திரும்பக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

உடலை எரிக்கவோ புதைக்கவோ மட்டும் ஒப்படைக்கப்பட்டவர் உறுப்பு எடுக்க அனுமதி தர முடியாது என்றும் சட்டம் சொல்கிறது. அமரர் ஊர்தி ஏற்பாடு செய்த நண்பருக்கு இதில் அதிகாரம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடல் தானத்தை ரத்து செய்வது

உடல் தானத்தில் ரத்து செய்வது இன்னும் எளிது, ஏனென்றால் இதில் கல்லூரி உங்களைத் தேடி வராது. வாரிசுகள்தான் தொலைபேசியில் அழைத்து, இறப்புச் சான்றோடு உடலைக் கொண்டு சேர்க்க வேண்டும் அல்லது வண்டி அனுப்பக் கேட்க வேண்டும். அவர்கள் அழைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. இறந்தவரின் உடல் யாருக்கும் சொத்து அல்ல என்பது பழைய சட்ட நெறி. ஆகவே எனக்கு எழுதிக் கொடுத்தது எங்கே என்று கல்லூரி வழக்குத் தொடுக்கவும் இடமில்லை. பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், கண் தவிர மற்ற உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலையும் பொதுவாகக் கல்லூரிகளே ஏற்பதில்லை.

உடற்கூறியல் துறைத் தலைவருக்கு மேலே சொன்ன கடிதத்தைப் போலவே எழுதி, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. சில கல்லூரிகள் ஒப்புதலை முத்திரைத்தாளில், வாரிசுகளின் கையெழுத்தோடு வாங்குகின்றன. அப்படிக் கொடுத்தவர்கள் ரத்துக் கடிதத்திலும் அந்த வாரிசுகளின் கையெழுத்தை வாங்கிவிடுவது நல்லது. மகாராஷ்டிரத்துக்குப் பொருந்தும் 1949ஆம் ஆண்டின் பம்பாய் உடற்கூறியல் சட்டத்திலும், வேண்டுகோள் பிறகு திரும்பப் பெறப்பட்டது என்று நம்பக் காரணம் இருந்தால் உடலைக் கொடுக்க வேண்டியதில்லை என்ற அதே விலக்கு இருக்கிறது.

குடும்பத்துக்குள் இது தெளிவாகாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கேரளத்தில் எம்.எம்.லாரன்ஸ் வழக்கு காட்டியது. மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவரான அவர் 2024 செப்டம்பர் 21 அன்று இறந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்று அப்பா வாய்மொழியாகச் சொல்லியிருந்தார் என்றார் மகன். அப்படி அவர் சம்மதிக்கவே இல்லை, தேவாலய முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றார் மகள்களில் ஒருவர். உடல் எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரிப் பிணவறையில் காத்திருக்க, வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியிடமும், பிறகு இருவர் அமர்விடமும், இறுதியில் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. மூன்று இடத்திலும் தானத்தின் பக்கமே முடிவு நின்றது. 2025 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் மகளின் மனுவைத் தள்ளியது. யார் சரி என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்தில் நான்கு வரி இருந்திருந்தால், எந்தப் பக்கம் இருந்தாலும், அந்த மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

உயிரோடு கொடுப்பவர்

இதுவரை சொன்னதில் அவசரம் இல்லை. உயிரோடு தானம் செய்பவருக்கு நாள் குறித்திருப்பார்கள். நெருங்கிய உறவினருக்குக் கொடுப்பவர் கையெழுத்திடும் 1ஆம் எண் படிவத்தில், அறுவைக்கு முன் எந்த நேரத்திலும் என் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதை அறிவேன் என்ற வாசகம் அச்சிட்டே இருக்கிறது. சோதனைகள் எல்லாம் முடிந்து, இரத்தம் ஒத்துப்போய், தானத்துக்கு அனுமதி தருவோரின் முன் சம்மதம் சொல்லி, அறுவைக்கு முந்தைய இரவு படுக்கையில் கிடந்தாலும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது.

இருந்தும் பயன்படுத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் உயிரோடு தானம் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவனுக்கு மனைவி, மகனுக்குத் தாய், அண்ணனுக்குத் தங்கை. கணவன் டயாலிசிஸில் கிடக்க, 'நான் கொடுக்க மாட்டேன்' என்று ஒரு மருமகள் அந்த வீட்டுக் கூடத்தில் நின்று சொல்வது லேசான காரியமா? 2014 விதிகளை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. தானம் செய்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுதந்திரமான சம்மதத்தை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று தனியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கூடத்தில் சொல்ல முடியாததை மருத்துவரின் அறையில் சொல்லலாம். ஒருங்கிணைப்பாளரிடமோ மருத்துவரிடமோ 'உங்களோடு தனியாகப் பேச வேண்டும்' என்று கேளுங்கள். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். எனக்கு விருப்பமில்லை என்று சொன்னால் போதும். காரணத்தை வீட்டாரிடம் வெளியிடாமல், இவர் தானத்துக்குப் பொருத்தமானவர் அல்லர் என்று மட்டும் அறிவித்து நிறுத்திக்கொள்ளும் வழக்கம் மருத்துவ உலகில் நெடுநாளாக உண்டு. அது பொய் சொல்வதாகாதா என்று மருத்துவ அறவியலில் விவாதம் இருக்கிறது. மனமில்லாதவர் பொருத்தமானவரும் அல்லர் என்று நான் எண்ணுகிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

மேலே சொன்னது இந்தியச் சட்டம். சிங்கப்பூரில் திசையே வேறு. அங்கே 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மறுப்புத் தெரிவிக்காத வரை சிறுநீரகம், ஈரல், இதயம், கருவிழி ஆகிய நான்கையும் தரச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுவார்கள். வேண்டாம் என்பவர் அதற்கான படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அப்படி மறுத்தவருக்கு நாளை உறுப்பு தேவைப்பட்டால் முன்னுரிமை குறையும் என்பதையும் சட்டமே சொல்கிறது. இங்கிலாந்தும் 2020 மே முதல் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. விலக விரும்புகிறவர் தேசிய உறுப்பு தானப் பதிவேட்டில் மறுப்பைப் பதிய வேண்டும். அந்த நாடுகளில் குடியேறிய தமிழர்கள், எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லையே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

மறுபடியும் மனம் மாறினால்

ரத்து செய்தவர் திரும்பவும் பதிவு செய்துகொள்ளத் தடை ஏதும் இல்லை. புதிதாக 7ஆம் எண் படிவம், புதிதாக இரண்டு சாட்சிகள். அப்போது பழைய ரத்துக் கடிதத்தின் நகல் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமிருந்து அதை வாங்கிவிடுங்கள். வாங்க முடியாவிட்டால் புதிய படிவத்தின் நகலைத் தேதி தெரியும்படி அனுப்பி வையுங்கள்.